பொருத்தம் பார்க்கும் பொறி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிதையும் திறனாய்வும் பேசப்படுகின்ற இவ்வவையில் கணினிச் சேவைகளைப் பற்றிய உரைக்கு என்ன வேலை என்னும் வினா எழுவது இயல்பே. விடை எளியது. ஒரு சொல்லின் பொருள் எங்கே இருக்கிறது என்னும் பழைய வினா, கடந்த கால் நூற்றாண்டாகக் கணினி அறிஞர்களின் மேசைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பொருள் சொல்லுக்குள் இருக்கிறதா, அகராதியில் இருக்கிறதா, அன்றிச் சொல்லைப் புழங்கும் மக்களிடையே இருக்கிறதா? இலக்கணிகளும் உரையாசிரியர்களும் வாதிட்ட இவ்வினாவைப் பொறியாளர்கள் விரும்பி எடுத்துக்கொள்ளவில்லை. விடை காணாமல் பொறிகளை ஒன்றோடொன்று பேசவைக்க இயலாது என்பதால் எடுத்துக்கொண்டனர். அந்த முயற்சியின் கதை, அதன் வீழ்ச்சியும் வெற்றியும் சேர்ந்தே, சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் அறிய வேண்டிய ஒன்று.

எண்ணும் பொருளும்

1998 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவின் நாசா நிறுவனம் செவ்வாய்க் கோளின் தட்பவெப்பத்தை ஆராய ஒரு விண்கலத்தை ஏவிற்று. 1999 செப்டம்பர் 23 அன்று அக்கலம் செவ்வாயை அடைந்தது. கோளின் பின்புறம் சென்றது. மீண்டும் ஒலி எழுப்பவே இல்லை. கோளின் மேற்பரப்பிலிருந்து 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்லுமாறு திட்டமிடப்பட்ட கலம், ஏறத்தாழ 57 கிலோமீட்டர் உயரத்தில் வளிமண்டலத்துக்குள் நுழைந்துவிட்டது என்று விசாரணையில் தெரியவந்தது.

காரணம் என்ன? தரையில் இயங்கிய ஒரு மென்பொருள், கலத்தின் சிறு உந்துவிசைகளைப் பவுண்டு அளவையில் கணக்கிட்டு எழுதிற்று. அவற்றைப் பெற்ற மற்றொரு மென்பொருள் அவ்வெண்களை நியூட்டன் அளவை எனக் கொண்டது. ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டனுக்குச் சமம். எண்கள் பிழையின்றிச் சென்றன. பொருள் மட்டும் வழியில் தவறிப்போயிற்று. எண்ணைப் பெற்ற பொறிக்கு அது தவறிப்போனது தெரியவும் இல்லை.

எழுத்து ஒன்றாயிருக்கப் பொருள் வேறாவது கவிஞனுக்குச் செல்வம். அதற்குச் சிலேடை என்று பெயரிட்டு அணியிலக்கணத்தில் இடமளித்தது தமிழ். பொறி ஒன்று சொல்லைக் கேட்டு ஒரு செயலைச் செய்யப் புறப்படும்போது அதே இரட்டைப்பொருள் கேடாக முடிகிறது. இனி வருவன அனைத்தும் இவ்வொரு வேறுபாட்டைச் சுற்றியே அமைகின்றன.

முகவரி ஏடு

ஒரு கணினியில் உள்ள செயல்நிரல், இணையத்தின் வழியே மற்றொரு செயல்நிரலுக்குப் பணி செய்து கொடுப்பதை இணையச் சேவை என்பர். ஒரு நகரின் வெப்பநிலையைச் சொல்லும் சேவை உண்டு. ஒரு நாணயத்தை மற்றொரு நாணயமாக மாற்றிக் கணக்கிடும் சேவை உண்டு. இருக்கை பதிவு செய்வதும் பணம் பெற்றுக்கொள்வதும் சேவைகளே. மனிதர் படிப்பதற்கான பக்கம் வேறு. பொறி அழைப்பதற்கான சேவை வேறு.

2000-ஆம் ஆண்டளவில் இத்தகைய சேவைகள் பெருகும் என்று எதிர்பார்த்த நிறுவனங்கள் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தன. ஒவ்வொரு சேவையும் எவற்றைக் கேட்கும், எவற்றைத் தரும் என்பதை எழுதிவைக்க 'டபிள்யூ.எஸ்.டி.எல்.' என்னும் விளக்க மொழி ஒன்று. சேவைகளைத் தேடிக் கண்டுபிடிக்க 'யு.டி.டி.ஐ.' என்னும் பொதுப் பதிவேடு மற்றொன்று. தொலைபேசி முகவரி ஏட்டைப் பின்பற்றியே இப்பதிவேட்டில் வெண்பக்கம், மஞ்சட்பக்கம், பச்சைப்பக்கம் என்று பகுத்தனர்.

இவற்றின் குறை விரைவிலேயே புலப்பட்டது. விளக்கத் தாளில் 'நகரம்: எழுத்துத்தொடர், விடை: எண்' என்று எழுதியிருக்கும். அந்த எண் செல்சியசா, பாரன்ஹீட்டா? இன்றைய வெப்பமா, நாளைய வெப்பமா? அதைத் தாள் சொல்லாது. ஒருவர் 'விலை' என்று எழுதுவதை மற்றொருவர் 'கட்டணம்' என்று எழுதியிருப்பார். பதிவேட்டில் ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. இருவர் 'விலை' என்றே எழுதி, ஒருவர் வரியைச் சேர்த்தும் ஒருவர் சேர்க்காமலும் கணக்கிட்டிருப்பர். தேடினால் இரண்டும் ஒன்றுபோலவே அகப்படும். வடிவத்தை எழுத ஓர் ஏடு இருந்தது. பொருளை எழுத ஏடு இல்லை.

நிகண்டுக் கனவு

இக்குறையைத் தீர்க்கும் ஒரு கனவு 2001 மே மாதம் 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழில் வெளியாயிற்று. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லாசிலா ஆகிய மூவர் எழுதிய கட்டுரை அது. தாயின் மருத்துவத்துக்கு ஏற்பாடு செய்யும் ஒரு சகோதரனையும் சகோதரியையும் அவர்கள் அதில் காட்டினர். மருத்துவர் எழுதிய சிகிச்சை, காப்பீட்டில் இடம்பெறும் மருத்துவமனைகள், வீட்டிலிருந்து தொலைவு, மருத்துவமனையின் தரம், பிள்ளைகள் இருவரின் ஓய்வு நேரம் ஆகிய அனைத்தையும் அவர்களுடைய மென்பொருள் முகவர்களே வெவ்வேறு சேவைகளிடம் கேட்டறிந்து, பொருத்தி, நாள் குறித்துத் தருகின்றன. வலையில் உள்ள செய்திகளுக்குப் பொறி உணரத்தக்க பொருளையும் சேர்த்து எழுதினால் இது கைகூடும் என்பது அவர்கள் கொள்கை. அதனைப் பொருண்மை வலை என்றனர்.

இதன் நடுத்தூண் ஆங்கிலத்தில் 'ஆன்டாலஜி' என வழங்குவது. இவ்வுரையில் அதனைக் கருத்துநிரல் எனலாம். ஒரு துறையில் எவ்வெப் பொருள்கள் உள்ளன, எது எதன் வகை, எதற்கு எதனோடு என்ன உறவு என்பனவற்றை ஐயத்துக்கிடமின்றி வரிசைப்படுத்தும் நிரல் அது. நிகண்டுகளை அறிந்தோர்க்கு இது முற்றிலும் புதியதன்று. திவாகரம் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர், இடப்பெயர் எனச் சொற்களைத் தொகுதி தொகுதியாக நிறுத்தியது. ஒரு சொல்லுக்குப் பல பொருள் வருவதற்கும் ஒரு தனித் தொகுதி வகுத்தது. கருத்துநிரல் அதனினும் ஒருபடி மேலே சென்று, மல்லிகை பூவின் வகை, பூ செடியின் உறுப்பு என்பது போன்ற உறவுகளைத் தருக்க மொழியில் எழுதுகிறது. அவ்வாறு எழுதப்பட்டதிலிருந்து, எழுதப்படாத முடிவுகளையும் பொறி தானே வருவித்துக்கொள்ளும். இதற்கான 'அவுல்' என்னும் மொழியை 2004 பிப்ரவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு தரமாக அறிவித்தது.

பொருளுக்கு நிரல் கிடைத்தது, செயலுக்கு? ஒரு சேவை என்பது பெயர்ச்சொல் அன்று, வினைச்சொல். ஆகவே 2001 முதல் உருப்பெற்று 2004 நவம்பரில் அக்கூட்டமைப்பின் முன் வைக்கப்பட்ட 'அவுல்-எஸ்' என்னும் திட்டம், சேவையை மூன்று கூறுகளாக விவரித்தது. சேவை என்ன செய்யும் என்பது ஒன்று. எவ்வரிசையில் செய்யும் என்பது இரண்டு. அதனை எவ்வாறு அழைப்பது என்பது மூன்று. முதற்கூற்றில் நான்கு செய்திகள் இன்றியமையாதன: உள்ளே கொடுக்கவேண்டியது, வெளியே கிடைப்பது, தொடங்குமுன் உண்மையாயிருக்க வேண்டிய நிலை, முடிந்தபின் உலகில் ஏற்படும் மாற்றம்.

இவ்விடத்தில் தொல்காப்பியரின் சொல்லதிகாரம் நினைவுக்கு வருவது இயல்பு. ஒரு தொழில் நிகழ்வதற்கு உரிய முதனிலைகளை எட்டாக அவர் வேற்றுமைமயங்கியலில் வகுத்தார்: வினை, அதனைச் செய்பவன், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, யாருக்காக, என்ன பயன் என்பன. அமெரிக்க அறிஞர்கள் அந்நூலைக் கண்டு எழுதினர் என்று எவரும் சொல்லவேண்டியதில்லை. வினையைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிய எவரும் ஏறத்தாழ இதே கூறுகளில் வந்து நிற்பர் என்பதே செய்தி. ஒரு வேறுபாடு மட்டும் கருதத்தக்கது. பணி யாருக்காக, என்ன பயன் கருதி என்னும் இரண்டையும் தொல்காப்பியர் முதனிலைகளோடு சேர்த்தே எண்ணினார். பொறியாளர்கள் வகுத்த நான்கில் அவ்விரண்டுக்கும் தனியிடம் இல்லை.

பொருத்தத்தின் நான்கு படிகள்

கேட்பவரின் தேவையும் சேவையின் விளக்கமும் ஒரே கருத்துநிரலைச் சார்ந்து எழுதப்பட்டால் இரண்டையும் பொறியே பொருத்திப் பார்க்கலாம். திருமணத் தரகர் வேலைதான் இது. 2002-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாவ்லுச்சி, காட்டியா சைக்காரா முதலியோர் எழுதிய கட்டுரை இப்பொருத்தத்தை நான்கு படிகளாக்கியது. பூக்கடையைச் சான்றாகக் கொண்டால் அது எளிதில் விளங்கும்.

கேட்டது மல்லிகை, கடை விற்பதும் மல்லிகை எனில் முழுப் பொருத்தம். கேட்டது மல்லிகை, கடைப்பலகையில் இருப்பது 'பூ' எனில் இரண்டாம் படி. பூ விற்கும் கடையில் மல்லிகையும் இருக்கும் என்னும் நம்பிக்கையில் அனுப்பலாம். கேட்டது பூ, கடை விற்பது மல்லிகை மட்டும் எனில் மூன்றாம் படி. கேட்டதில் ஒரு பகுதி நிறைவேறும், எஞ்சியதற்கு வேறு கடை தேடவேண்டும். கேட்டது மல்லிகை, கடை விற்பது மண்ணெண்ணெய் எனில் பொருத்தமின்மை.

இதில் இரண்டாம் படியே நுட்பமானது. 'பூ' என்று பலகை எழுதியவர் எல்லாப் பூவும் விற்பவராக இருக்கவேண்டும் என்பதே அப்படியின் அடிப்படை. அவர் ரோசா மட்டும் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் நிறைய வரட்டும் என்று 'பூ' என எழுதியிருந்தால்? தருக்கத்தில் பிழை இல்லை. பலகையில் நேர்மை இல்லை. பொருளை எவ்வளவு துல்லியமான மொழியில் எழுதினாலும் எழுதுபவரின் நேர்மையை அம்மொழி எழுதித் தராது.

கோவை தொடுத்தல்

தேடிக் கண்டுபிடித்தல் பாதி வேலை. ஒரே சேவையால் முடியாத பணிக்குப் பல சேவைகளைத் தொடுக்க வேண்டும். மேற்சொன்ன தாயின் சிகிச்சையையே எடுத்துக்கொள்ளலாம். வேண்டுவது நாள் குறித்த சிகிச்சை. அதற்கு முன்நிலை, மருத்துவமனை காப்பீட்டில் இருத்தல். அதனை அறியக் காப்பீட்டுச் சேவையை அழைக்கவேண்டும். அது காப்பீட்டு எண்ணைக் கேட்கும். இவ்வாறு முடிவிலிருந்து பின்னோக்கி நடந்து, கையிலிருக்கும் செய்தி வரை வந்து சேர்ந்தால் கோவை நிறைவுற்றது. பாட்டைப் பின்னிருந்து முன்னாகக் கட்டும் வெண்பாப் புலவர் செய்வதும் இதனை ஒத்ததே. ஷீலா மக்கில்ரைத் முதலியோர் 2001-லேயே, செயற்கை அறிவுத் துறையின் திட்டமிடல் முறைகளைக் கொண்டு இவ்வகைக் கோவைகளைப் பொறியே தொடுக்கலாம் என்று காட்டினர்.

தொடுக்கும்போது மற்றொரு வேறுபாடு முன்னே நிற்கிறது. செய்தி தரும் சேவை ஒன்று. உலகை மாற்றும் சேவை மற்றொன்று. வெப்பநிலையைப் பத்து முறை கேட்டாலும் வெயில் கூடுவதில்லை. பணம் செலுத்தும் சேவையைத் தவறிப்போய் இருமுறை அழைத்தால் இருமுறை பணம் போகும். முன்நிலையும் பின்விளைவும் விளக்கத்தில் இடம்பெற வேண்டும் என்று அறிஞர்கள் வற்புறுத்தியதன் காரணம் இதுவே.

தளர்ந்த இடம்

இவ்வளவு தெளிவான திட்டம் உலகெங்கும் பரவியிருக்க வேண்டும். பரவவில்லை. ஐ.பி.எம்., மைக்ரோசாப்ட், சாப் ஆகிய நிறுவனங்கள் நடத்திவந்த பொதுப் பதிவேடு 2006 சனவரியில் மூடப்பட்டது. அவுல்-எஸ் திட்டமும், 2005-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் முன்வைத்த 'டபிள்யூ.எஸ்.எம்.ஓ.' திட்டமும் சமர்ப்பிக்கப்பட்ட நிலையிலேயே நின்றுவிட்டன. 2007 ஆகஸ்டில் தரமாக ஏற்கப்பட்டது 'எஸ்.ஏ.டபிள்யூ.எஸ்.டி.எல்.' என்னும் எளிய ஏற்பாடு. அது பழைய விளக்கத் தாளை மாற்றவில்லை. தாளில் உள்ள சொல்லருகே, 'இச்சொல்லின் பொருள் இன்ன கருத்துநிரலில் இன்ன இடத்தில் உள்ளது' என்று சுட்டும் ஒரு குறிப்பை மட்டும் சேர்த்தது. மூலத்தைத் தொடாமல் பக்கத்தில் அரும்பதவுரை எழுதுவது போன்றது அது.

பெருந்திட்டங்கள் தளர்ந்தமைக்குக் காரணங்கள் பல. விளக்கம் எழுதுவது உழைப்பு. எழுதுபவர் ஒருவர், பயன் பெறுபவர் வேறொருவர். அதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. உலகத்தின் எல்லாச் சேவைகளுக்கும் பொதுவான ஒரு கருத்துநிரலை யார் எழுதுவது? எழுதுபவர் காணும் வேறுபாடுகளே அதில் இடம்பெறும், காணாதவை இடம்பெறா.

தமிழர்க்கு அணுக்கமான சான்று ஒன்று உண்டு. கூகிள், மைக்ரோசாப்ட், யாகூ ஆகிய நிறுவனங்கள் 2011 சூனில் தொடங்கிய 'ஸ்கீமா டாட் ஆர்க்' என்னும் பொதுச் சொற்றொகுதி, வலைப்பக்கச் செய்திகளுக்குப் பொருள் குறிப்பதில் பரவலாக வழங்குகிறது. அதில் மனிதருக்குரிய பண்புகளுள் 'சிப்ளிங்' என்பது ஒன்று. உடன்பிறந்தார் என்று பொருள். அண்ணனா தம்பியா, அக்காளா தங்கையா என்று அப்பண்பு கேட்பதில்லை. தமிழில் உடன்பிறந்தவரை வழக்கமாக மூத்தவர் இளையவர் என்று பிரித்தே விளிப்பர். 'அங்கிள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவரும் அடங்கிவிடும்போது, யாருடைய வீட்டில் பெண் கேட்கலாம், யாருடைய வீட்டில் கேட்கலாகாது என்னும் ஒரு சமுதாயத்தின் முறையே மறைந்துபோகிறது. ஒரு மக்கள் தம் வேறுபாடுகளைத் தாமே எழுதி வைக்காவிடில் பிறர் நிரலுக்குள் அவை கரைந்துபோகும்.

தழைத்த இடம்

இக்கனவு தழைத்த இடம் ஒன்றுண்டு. அது வணிகமன்று, உயிரியல்.

1998-இல் பழ ஈ, ஈஸ்ட், சுண்டெலி ஆகிய மூன்று உயிர்களின் மரபணுத் தரவுத்தளங்களை நடத்திவந்தோர் ஒன்றுகூடினர். ஒரே தொழிலைச் செய்யும் மரபணுவை ஈயை ஆராய்வோர் ஒரு பெயராலும் எலியை ஆராய்வோர் வேறு பெயராலும் விவரித்துவந்தனர். ஒரு துறையில் கண்டது மறு துறைக்குப் பயன்படவில்லை. எனவே மூலக்கூற்றுப் பணி, உயிர்ச்செயல், அணுவறையில் இருப்பிடம் என்னும் மூன்று பகுப்புகளில் 'ஜீன் ஆன்டாலஜி' என்னும் கருத்துநிரலை அமைத்தனர். 2000-இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் அதனை அறிமுகம் செய்த கூட்டமைப்பு இன்றும் அதனைப் பேணிவருகிறது. ஒரு சொல் பொருந்தாதென்று தெரிந்தால் அதை அழித்துவிடுவதில்லை. வழக்கொழிந்தது என்று குறித்து வைக்கின்றனர். அதன் எண்ணை வேறு சொல்லுக்குத் தருவதுமில்லை. பழைய ஆய்வைப் படிப்பவர் அக்காலத்துப் பொருளை அறியவேண்டும் அல்லவா?

இவ்வடித்தளத்தின்மேல் சேவைகளும் கோவைகளும் வந்தன. இங்கிலாந்தின் மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் கரோல் கோபிள் தலைமையில் உருவான 'டவெர்னா' என்னும் மென்பொருள், உயிரியல் சேவைகளைத் தேடிப் பொருத்தித் தொடுக்க உதவிற்று. அதனால் விளைந்த பயன் ஒன்றைச் சொல்லவேண்டும். ஆப்பிரிக்காவில் 'செட்சி' ஈயால் பரவும் டிரைபனசோம நோய் கால்நடைகளை மெலிவித்துக் கொல்வது. உழவர் குடும்பங்களை வறுமையில் தள்ளுவது. மேற்காப்பிரிக்காவின் 'என்டாமா' மாடுகளோ அந்நோயைத் தாங்கி நிற்கின்றன. இந்நோய்த் தாங்குதிறனுக்குக் காரணமான மரபணு யாதெனத் தேட, சுண்டெலிகளின் தரவுகளைக் கொண்டு மான்செஸ்டர் ஆய்வாளர்கள் ஒரு சேவைக் கோவையைத் தொடுத்தனர். மனிதர் கையால் தேடும்போது தமக்குத் தெரிந்த மரபணுக்களையே முதலில் பார்ப்பர். பட்டியல் நீண்டால் இடையில் சிலவற்றை விட்டுவிடுவர். கோவை எதையும் விடவில்லை. 2007-இல் வெளியான அவ்வாய்வு 'டாக்ஸ்' என்னும் மரபணுவை ஆராயத்தக்க ஒன்றாக எடுத்துக்காட்டிற்று.

அக்கோவைகளைக் கட்டியவர்கள் எதிர்பாராத ஒன்றையும் கண்டனர். அறிவியல் மதிப்புடைய பெரிய சேவைகளைக் காட்டிலும், ஒரு சேவையின் விடையை அடுத்த சேவை ஏற்கும் வடிவுக்கு மாற்றித்தரும் சிறு சிறு இணைப்புகளே மிகுதியாகத் தேவைப்பட்டன. இரு மரங்களுக்கிடையே தச்சர் செருகும் சிறுதுண்டின் பெயரால் இவற்றை 'ஷிம்' என்றனர். தமிழிலக்கணம் அறிந்தோர் சாரியை என்பர். மரம் என்னும் சொல்லும் ஐ என்னும் உருபும் நேரே கூடா; இடையே அத்துச் சாரியை வந்து மரத்தை ஆக்குகிறது. தனக்கெனப் பொருளில்லை, அது இன்றேல் புணர்ச்சியும் இல்லை. இச்சாரியைகள் எங்கெங்கே வேண்டும் என்று கண்டறிவதற்கும் கருத்துநிரலே துணையாயிற்று.

இன்று அப்பணி ஐரோப்பாவின் 'எலிக்சிர்' அமைப்பு நடத்தும் 'பயோ டாட் டூல்ஸ்' பதிவேட்டில் தொடர்கிறது. 2013-இல் விவரிக்கப்பெற்ற 'ஈடம்' என்னும் கருத்துநிரல், துறை, செயல், தரவு, வடிவம் என்னும் நான்கு பகுப்புகளால் அங்குள்ள கருவிகளை விவரிக்கிறது. தரவு வேறு, அதன் வடிவம் வேறு என்று பிரித்தது அதன் சிறப்பு. செய்யுளும் அதன் யாப்பும் வேறு வேறு என்பது போல.

அத்துறையினர் சொற்களைப் பேணும் முறைக்கு ஒரு சுவையான சான்று உண்டு. மனித மரபணுக்களுள் சில 'மார்ச்-1', 'செப்ட்-1' என்று சுருக்கப்பெயர் பெற்றிருந்தன. கணக்கு அட்டவணை மென்பொருளில் இவற்றை எழுதினால் அது மார்ச் முதல் நாள், செப்டம்பர் முதல் நாள் என்று தானே மாற்றிவிடும். ஆய்வுத் தரவுகளில் மரபணுக்கள் இருக்கவேண்டிய இடத்தில் தேதிகள் வந்து உட்கார்ந்தன. முடிவில் 2020-இல் பெயரிடும் குழு அம்மரபணுக்களின் பெயர்களையே மாற்றிற்று. சொல் பொறிக்குப் பணிந்தது என்று இதனைக் கண்டு வருந்துவாரும் உளர். சொல்லுக்குப் பொறுப்பேற்ற ஒரு குழு இருந்தமையால் மாற்ற முடிந்தது என்பதும் உண்மை.

உயிரியலில் ஆனது வணிகத்தில் ஏன் ஆகவில்லை என்பதற்கு விடை இதில் உள்ளது. இரண்டிலும் பயன்பட்ட தருக்கமும் மொழியும் ஏறத்தாழ ஒன்றே. ஒன்றில், சொற்களைப் புழங்குவோரே கூடி, வாதிட்டு, திருத்தி, பல்லாண்டு பேணினர். மற்றொன்றில் சொற்கள் எழுதி வைக்கப்பட்டன, பேணுவார் இலர்.

இன்றைய நிலை

2023 முதல் இக்கதை புதிய திருப்பத்தில் நிற்கிறது. மனிதர் எழுதிய பேரளவு உரைகளிலிருந்து சொற்களின் புழக்கத்தைக் கற்ற மொழி மாதிரிகள், சேவைகளைத் தாமே தேர்ந்து அழைக்கத் தொடங்கின. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் இணைப்பு நெறியில், ஒரு கருவி என்ன செய்யும் என்பது பெரிதும் இயல்பான உரைநடையிலேயே எழுதப்படுகிறது. 'விலை' என்றாலும் 'கட்டணம்' என்றாலும் இம்மாதிரிகள் தடுமாறுவதில்லை. சாரியைகளையும் பெரும்பாலும் தாமே எழுதிக்கொள்கின்றன. எவரும் எழுத முன்வராத விளக்கங்களால் தளர்ந்த பழைய கனவு, வேறு வழியாக உயிர்பெற்றது எனலாம்.

வரவு பெரிது, செலவும் உண்டு. பழைய தரகருக்கு நான்காம் படி ஒன்று இருந்தது: பொருத்தமின்மை. நிரலில் உறவு இல்லையெனில் 'இல்லை' என்று சொல்லி நின்றுவிடும். அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்காது. புதிய தரகர் எதையேனும் பொருத்திக் காட்டும் இயல்பினர். ஆயிரம் பொய் சொல்லியேனும் ஒரு திருமணத்தை முடி என்னும் பழமொழியை அறிந்தவர் போல, அண்மையில் உள்ளதையே உரியது என்று உறுதிக் குரலில் சொல்லிவிடுவதும் உண்டு. மேலும், உரைநடையில் எழுதப்பட்ட விளக்கத்துக்குள்ளேயே தீய கட்டளையை மறைத்து வைத்து இம்மாதிரிகளை வழிதவறச் செய்ய இயலும் என்பதும் அறியப்பட்டுள்ளது. 'பூ' என்று பொய்ப்பலகை எழுதியவரின் பழைய சிக்கல் இன்னும் கூர்மையாகத் திரும்பியிருக்கிறது.

கவிதையில் ஒரு சொல் தவறாகப் பொருள்கொள்ளப்பட்டால் ஒரு வாசிப்பு கெடும்; சில வேளை வளரவும் கூடும். தாயின் மருந்தளவை எழுதும் சேவையில் 'ஒரு வேளை' என்பது ஒரு நாளின் ஒரு பொழுதா, 'இருக்கலாம்' என்னும் ஐயமா என்று மயங்கினால் கெடுவது வாசிப்பன்று. ஆகவே செயலாகும் சொல்லுக்கு எல்லை வேண்டும். இவ்வெல்லைக்கு அப்பால் 'தெரியாது' என்று சொல்லவேண்டும் என்னும் ஒப்பந்தம் வேண்டும். புழக்கத்தைக் கற்ற மாதிரியையும், எல்லையை அறிந்த கருத்துநிரலையும் இணைத்து, ஒன்று முன்மொழிய மற்றொன்று சரிபார்க்கும் முறைகளை ஆய்வாளர்கள் இன்று நாடுவது இதனாலேயே. முன்மொழிவது பொறியாகலாம், எந்தச் சொல் எதனைக் குறிக்கும் என்று முடிவு செய்து அதற்குப் பொறுப்பேற்பது மக்கள் கூட்டமாகவே இருந்துவருகிறது.

அவையோரே, செவ்வாய்க்கு அருகே தொலைந்த கலத்துக்கு ஒரேயொரு சொல் போதுமானதாயிருந்தது: அளவையின் பெயர். பழ ஈயையும் எலியையும் ஆராய்ந்தோர்க்குக் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது; சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, 'இதன் பொருள் இது, இதுவன்று' என்று பேசி முடிவு செய்தனர். தமிழில் அத்தகைய வேலை மருத்துவத்திலும், உழவிலும், சட்டத்திலும், உறவுமுறையிலும் பெரும்பகுதி இன்னும் எஞ்சிக் கிடக்கிறது. அண்ணனுக்கும் தம்பிக்கும் வேறுபாடு தெரியாத நிரலொன்றில் தமிழ்க் குடும்பங்களின் பெயர்கள் ஏறிக்கொண்டிருக்கும் காலம் இது. அந்த வேலைக்குக் கணினி அறிந்தோர் வேண்டும். அவரோடு உடனமர்ந்து, ஒரு சொல்லின் நிழல் எங்கே முடிகிறது என்று சுட்டிக்காட்டும் செவியுடையோரும் வேண்டும். பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடி, ஒரு சொல் இந்த அடியில் நிற்குமா நிற்காதா என்று வாதிட்டுப் பழகியவர்கள் அப்பணிக்கு அயலார் அல்லர்.